மூன்றாவது தீவின் பின்பக்கம்

ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. அங்கே சன்னல் கிடையாது. துறைமுக நகரத்திலேயே இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் அவள் கடலை முழுசாகப் பார்த்ததில்லை. கரையில் நின்றால் கப்பலுக்கும் கிரேனுக்கும் நடுவே கிழிசல் கிழிசலாகத்தான் தண்ணீர் தெரியும்.

"படகுல போற மூணாவது தீவுக்குப் பின்பக்கம் போய்ப் பாருடி, கண்ணுக்கெட்டின மட்டும் கடல்தான்" என்று கூட வேலை செய்கிறவள் சொன்னதிலிருந்து அதே நினைப்பு. நாத்தனார் ஊரிலிருந்து வந்தது நல்லதாகப் போயிற்று. தங்கைக்காக வாட்ச்மேன் புருஷன் மூன்று தீவுக்கும் சேர்த்துப் படகுச் சீட்டு எடுத்தான்.

முதல் தீவில் இறங்கியதும், அடுத்த படகுக்கான வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"இப்பத்தானேங்க இறங்கினோம்?"

"இப்பவே நின்னாத்தான் இடம் கிடைக்கும். பின்னாடி பாரு, எப்படிக் கூட்டம் சேருதுன்னு."

இவன் நிற்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பதறிப்போய் ஓடிவந்து நின்றார்கள். அவள் அதைக் கவனித்தாள்.

இரண்டாவது தீவிலும் அதே கதை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரி வரிசையா இருந்தா ஃபேனாவது சுத்தியிருக்கும்" என்றாள் நாத்தனார்.

"படகை விட்டா நீந்தியா போவே?"

மூன்றாவதுதான் கடைசித் தீவு. படகுத்துறையிலிருந்து ஒரு மண்பாதை மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. புருஷன் அதற்குள் கம்பியைப் பிடித்துவிட்டான்.

"ஒரு எட்டு மேல போய்ப் பார்த்துட்டு வந்துடறேங்க."

"நீ ஏறி இறங்கறதுக்குள்ள படகு வந்துடும். எனக்கு ராத்திரி டூட்டி இருக்கு."

"டூட்டி உங்களுக்குத்தானே?"

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே உறைத்தது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காது மடல் சுட்டது.

"படகு போயிட்டா என்னடி பண்ணுவே?"

"சாயங்காலம் கடைசிப் படகு இருக்கில்ல? அதுல வர்றேன். நீங்க போங்க."

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். "போங்க அண்ணி. அண்ணனை நான் பத்திரமா கூட்டிட்டுப் போறேன்."

அவன் கூப்பிடக் கூப்பிட அவள் திரும்பாமல் நடந்தாள். மேடேறி இறங்கியதும் கடல் வந்துவிட்டது. எதிரே கப்பலும் இல்லை, கிரேனும் இல்லை, இரண்டு கண்ணுக்கும் அடங்காத தண்ணீர்.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதை அல்ல. கோபித்துக்கொண்டு ஏறியிருப்பாரா, நிற்கிறாரா, வீட்டுக்குப் போனதும் என்ன ரகளை? முன்னால் அவ்வளவு பெரிய கடல் கிடக்க, காது பின்னால் படகுத்துறையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. படகு கிளம்பச் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. கால் தானாகத் திரும்பியது.

"சே!" என்று தன்னையே திட்டினாள். படகின் இரைச்சல் தேய்ந்து அடங்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் உட்கார்ந்து, கடலை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.