எஸ்தர் ராணி அக்கா கட்டிய சிவப்பு நூல்

எஸ்தர் ராணி அக்கா போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர், நானும் அக்காவும் தினமும் ராஜபாளையம் போகும் எட்டேகால் பஸ்ஸின் கண்டக்டர். அன்று திங்கட்கிழமை. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகம் ஸ்டாப்பில் நான் ஏறியபோது, ஜன்னலோர இருக்கையில் அக்காவின் மஞ்சள் சாப்பாட்டுப் பை இல்லை. வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் விழிப்பதைப் பார்த்து கண்டக்டர் பக்கத்தில் வந்தார்.

"பாப்பா, உனக்கு விசயம் தெரியாதா? ராணியம்மா நேத்து எக்ஸ்பயர் ஆயிட்டாங்க."

அந்த நொடியில் நான் செய்ததை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். நான் அழவில்லை. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஸ்பைர்' என்றால் மூச்சு என்று என் மனம் அந்தச் சொல்லைத் தானாகப் பிரித்துப் போட்டது. பிரித்து முடித்த பிறகுதான் யாருடைய மூச்சு என்பது உறைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப் வரும் வரை அழுதேன். அக்கா இருந்திருந்தால், "ஏட்டி, சாவுச் சேதியைக்கூடவா வேரோட பிடுங்கிப் பாப்ப?" என்று கேட்டிருப்பார். கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்திருப்பார்.

இந்த முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர், அக்காவோடு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவர்கள். மற்றவர்கள் உறவினர்கள், சபையார், எட்டேகால் பஸ்காரர்கள். அக்கா என்னை எல்லோரிடமும் "எங்க இங்கிலீஷ் வாத்தியாரம்மா" என்று சொல்லிவைத்திருக்கிறார். நான் பதினொன்றாம் வகுப்புதான் படிக்கிறேன். அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், பள்ளி நூலகத்தில் எனக்கு ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு லத்தீன் மொழியில் வேர் இருக்கிறது, ஒரு வேரைத் தெரிந்துகொண்டால் பத்துச் சொற்கள் தாமாக வரும் என்று அதில் எழுதியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கவேண்டிய நேரத்தில், பஸ்ஸில் நின்றுகொண்டு "போர்ட் என்றால் சுமப்பது, போர்ட் என்றால் சுமப்பது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"அப்போ எக்ஸ்போர்ட்டுன்னா?"

"வெளியே சுமந்துகொண்டு போவது" என்றேன்.

"அடப்பாவிகளா! இருவத்திரெண்டு வருசமா எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை பாக்கேன். ஒருத்தராவது எங்கிட்டச் சொன்னாகளா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு, "இம்போர்ட்டுன்னா உள்ள. டிரான்ஸ்போர்ட்டு?"

"இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்."

"ரிப்போர்ட்டு?"

"'ரி' என்றால் திரும்ப."

"திரும்பச் சுமந்துட்டுப் போறது. சரியாத்தான் வச்சிருக்கான். எங்க சூப்பர்வைசர் அதைத்தான செய்தா! ஹாலுல நடக்கதை எல்லாம் தூக்கிட்டுப் போயி ஆபீஸுல எறக்கி வைக்கா."

பஸ்ஸே சிரித்தது. அந்த சூப்பர்வைசர் அம்மா இங்கே இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா உங்களைப் பற்றி நல்லதாகவும் ஏதோ சொன்னார். நினைவு வந்ததும் சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து, பாடத்துக்கு ஃபீஸாக, எனக்கு ஜன்னலோர இருக்கை நிச்சயமாயிற்று. திருவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே அக்கா தன் சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக வீசி இடம் போட்டுவிடுவார். ஒரு நாள் குறி தவறி, பை ஒரு பெரியவரின் மடியில் விழுந்து, அவர் வேட்டி முழுவதும் ரசம். "ஃபீஸு கொண்டுவரும்போது செத்த சிந்திப்போச்சு" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெரியவருக்கு 'டிரான்ஸ்போர்ட்' என்றால் என்ன என்று விளக்கி சமாதானப்படுத்தினார்.

அக்காவுக்கு ஏன் இந்த ஆசை என்று நான் கேட்டேன். புத்தகங்களில் வருவதுபோல அறிவுத் தாகம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "நாற்காலிக்குத்தான்ட்டி" என்றார்.

செக்கிங் ஹாலில் வேலை முழுவதும் நின்றபடிதான். அக்காவின் கால்களில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்றே ஒன்று: லேபிள் மேசை. வெளிநாடு போகும் பெட்டிகளில் ஒட்டும் ஆங்கில லேபிள்களைச் சரிபார்க்கவேண்டும். அந்த மேசையில் இருந்தவர் அடுத்த வருடம் ஓய்வு பெறவிருந்தார். "அந்த நாற்காலி எனக்குக் கெடைக்கலன்னா, இந்தக் கால வச்சுக்கிட்டு வேலைய விட்டுரணும். வேலைய விட்டா எங்க வீட்டுக்காரரோட நாள் பூரா வீட்டுல கெடக்கணும். அதுக்கு லத்தீன் தேவலை" என்றார்.

அக்கா படித்த முறை செக்கிங் மேசையின் முறைதான். அங்கே வேலை செய்யாத எட்டேகால் பஸ்காரர்களுக்காகச் சொல்கிறேன். வெளிச்சம் வைத்த கண்ணாடியின்மேல் துணி ஓடும். இழை விட்டுப்போன இடத்தைக் கண்டால், ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டவேண்டும். அதைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவந்ததும், நூல் கட்டியவரேதான் மறுபடி பார்த்து அறுக்கவேண்டும். வேறு யாரும் அறுக்கக் கூடாது. "அடுத்தவ கட்டுனதை அறுக்கது, அடுத்தவ கண்ணு பொய்யின்னு சொல்லுதது" என்பார் அக்கா.

என் நோட்டைப் படித்துவிட்டு, நம்ப முடியாத சொல் உள்ள பக்கத்தில் ஓட்டை போட்டு நூலைக் கட்டிக் கொடுப்பார். நான் அகராதி பார்த்து வந்து விளக்கினால், பல்லால் கடித்து அறுப்பார். சில வாரங்களில் என் நோட்டுக்குச் சிவப்புத் தாடி முளைத்தது. வகுப்புத் தோழிகள் திருஷ்டிக் கயிறா என்று கேட்டார்கள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டும். 'கண்டக்டர்' என்றால் எல்லோரையும் சேர்த்து அழைத்துப் போகிறவர் என்று ஒரு நாள் சொன்னேன். அது சரியான வேர். கண்டக்டர் அன்று முழுவதும் நிமிர்ந்தே நின்றார். படிக்கட்டில் தொங்கியவர்களை, "உள்ள வாங்கப்பா, நான்தான உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று பாசமாகக் கூப்பிட்டார். அந்தப் பெருமையில் இருந்த என்னிடம், தினமும் எங்களோடு வரும் கீரைக்கார அம்மா, "அப்போ டிக்கெட்டுக்கு என்ன பாப்பா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் பஸ் முழுவதும் என்னையே பார்த்தது. "'டிக்' என்றால் கிழிப்பது" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் ஆகாவென்றார்கள். அக்கா மட்டும் என்னைக் கண்ணாடி மேசையில் ஓடும் துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"புத்தகத்துல எந்தப் பக்கம்?"

"கிழிஞ்சுபோன பக்கத்துலக்கா."

"அது என்னமோ கிழிச்சதாத்தான் தெரியுது" என்று சொல்லி, அங்கேயே ஒரு நூலைக் கட்டினார். நோட்டில் அல்ல, என் மணிக்கட்டில். நான்கு நாட்கள் அதோடு அலைந்தேன். ஐந்தாம் நாள் பஸ்ஸில், "நான் சும்மா சொன்னேன், எனக்குத் தெரியாது" என்று கீரைக்கார அம்மாவிடம் சொன்னேன். "போகுது விடு தாயி, பொம்பளைகளுக்குத்தான் ஓசி டிக்கெட்டாச்சே" என்றார் அவர். அக்கா என் கையை இழுத்து நூலைப் பல்லால் அறுத்தார். லேசாகத் தோலும் கடிபட்டது.

ஆனாலும் நான் முழுதாகத் திருந்தவில்லை. பள்ளிகளுக்கு இடையிலான ஆங்கிலச் சொல் போட்டியில் என்னிடம் 'ப்ரிபாஸ்டரஸ்' என்று ஒரு சொல்லைக் கேட்டார்கள். கேள்விப்பட்டதே இல்லை. 'ப்ரி' முன், 'போஸ்ட்' பின். தயங்காமல், "முன்னும் பின்னும் உள்ளது" என்றேன். 'அபத்தமானது' என்பதுதான் அர்த்தமாம். நான்காம் இடம் வந்தேன். வேர்கள் எல்லாம் பொய் என்று பஸ்ஸில் குமுறியபோது, அக்கா 'ப்ரி, போஸ்ட்' என்று விரல் மடக்கிப் பார்த்தார்.

"முன்னால வரவேண்டியது பின்னால வந்தா அபத்தம்தானட்டி! சட்டைய மாட்டிக்கிட்டு அதுக்கு மேல பனியன் போட்டா எப்படி இருக்கும்? வேரு சரி. நீதான் அவசரப்பட்ட."

பிறகு அகராதியில் பார்த்தேன். அக்கா சொன்னதுதான் சரி.

லேபிள் மேசைக்குத் தேர்வு வைத்த நாளில் நான் பள்ளியில் ஒரு பாடத்தையும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் பையை வீசிய கையோடு அக்கா கதையை ஆரம்பித்தார். மேனேஜர் அறையில் பத்து லேபிள்கள். போட்டிக்கு நின்ற இன்னொருத்தி பட்டதாரி. அவள் ஐந்து நிமிடத்தில் பத்தும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அக்கா அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு இரண்டில் சிவப்பு நூல் கட்டினார். ஒன்றில், கிருமி நீக்கிய துணிக்கு 'நான்-ஸ்டெரைல்' என்று இருந்தது. "நான்னா இல்லைன்னு நீ சொன்னேல்ல? கிருமி நீக்குன துணியில நீக்கலைன்னு எப்படி ஒட்டலாம்? கட்டிட்டேன்."

"இன்னொன்று?"

"அதுல முழ நீளத்துக்கு ஒரு வார்த்தை. நம்ம வேரு ஒண்ணும் அதுல இல்ல. 'எனக்குத் தெரியல சார், தெரியாததைப் பாஸ் பண்ண மாட்டேன்'னுட்டேன். 'அது சரியாத்தாம்மா இருக்கு, கிரேக்க வார்த்தை'ன்னாரு. 'அப்போ நீங்க சொல்லிட்டீகள்ல, நான் அறுத்துக்கிடுதேன்'னு அவரு மேசை மேலேயே கடிச்சு அறுத்தேன். ஆளு பயந்துட்டாரு."

அடுத்த வாரம் நாற்காலி அக்காவுக்கு வந்தது. முதல் நாள் உட்கார்ந்துவிட்டு வந்து, "உக்காந்தே இருந்தா இடுப்பு வலிக்கும்னு ஒருத்தியும் சொல்லலியே" என்றார். ஆனால் முகம் முழுவதும் சிரிப்பு. ஐந்து மாதம் அந்த நாற்காலியில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து வந்து, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் சாய்ந்தாராம். வயது ஐம்பத்தொன்று.

கடைசி வெள்ளிக்கிழமை என் நோட்டை வாங்கிப் போயிருந்தார். போன வாரம் அதைத் திருப்பிக் கொடுக்க அக்காவின் வீட்டுக்காரர் மடவார் வளாகம் ஸ்டாப்புக்கு வந்தார். அவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் அக்கா சொன்னவைதான். காபி ஒரு நிமிடம் தாமதமானால் டம்ளர் பறக்கும். பஸ் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தே போய் அதையும் தவறவிடுவார். அன்று எனக்குச் சிறப்பு வகுப்பு. மாலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து இறங்கினேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வெகுநேரம் ஆயிட்டா மாமா?"

"அது கெடக்கு. எனக்கு என்ன சோலி?"

பிறகு நோட்டைத் திறந்து, நூல் கட்டிய ஒரு பக்கத்தைக் காட்டினார். அறுக்காமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "இது மட்டும் கெடக்கே, என்ன தாயி?"

'பேஷன்ட்' என்ற சொல். நோயாளி என்பதும் பொறுமை என்பதும் ஒரே வேர், தாங்கிக்கொள்வது என்று அர்த்தம் என நான் எழுதியிருந்தேன். அதற்கு அக்கா வெள்ளிக்கிழமை சொன்னதை மறைக்கலாமா என்று பார்த்தேன். மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன்.

"'நோயாளிக்குப் பொறுமையா? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தும்மல் வரட்டும், அப்பொறம் வந்து சொல்லு. இந்த வேரு சந்தேகம்'னு சொல்லி அக்கா கட்டினாங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். "அவ கட்டுனது சரிதான்" என்றார். பிறகு, "இப்போ அறுத்துரவா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இருபத்திரண்டு வருடத்துக்கு மேல் அந்த மேசையின் சட்டங்களைக் கேட்டவர் அல்லவா! "கட்டுனவதான அறுக்கணும்" என்றார். அவசரமே இல்லாமல் எழுந்து, எனக்கும் அவருக்கும் நடுவே நோட்டை ஒரு நிமிடம் பிடித்திருந்து, பிறகு கொடுத்தார். இந்த ஜெபத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி கேட்டதும் அவர்தான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அக்காவிடமிருந்து பழகிக்கொண்டேன். அதில் இன்னும் பாதிதான் தேறியிருக்கிறேன். முழுதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு பக்கமும் அதன் சிவப்பு நூலும். அக்கா, நீங்கள் சந்தேகப்பட்ட வேர் சரிதான். உங்கள் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் காத்திருந்ததை நானே பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை, அதனால் நூல் அப்படியே இருக்கும்.