சரி என்று சொல்லும் வரைக்கும்

ஒரே படப்பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டகையில் படம் காட்டியவர் கௌஸ் பாஷா. கிருமாம்பாக்கத்தில் ஆறரைக்கு ஆட்டம், பாகூரில் ஏழரைக்கு. கிருமாம்பாக்கத்தில் ஓடி முடிந்த ரீல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாகூரில் கொண்டுவந்து சேர்ப்பது ஆதிமூலத்தின் வேலை. எழுபத்தாறாம் வருஷத்தோடு எட்டு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை.

யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். சட்டைப் பொத்தானோடுதான் பேச்சு. "இன்னாப்பா, ஆளையே காணோம்?" என்று கடைக்காரர் கேட்டால், "எந்த ஆளு?" என்று கடைக்குள் எட்டிப் பார்த்துத் தேடுவான். ஊர் அவனைக் கிறுக்கு என்றது. ஊருக்குத் தெரிந்த வார்த்தை அவ்வளவுதான்.

அந்த வாரம் ஓடியது ஒரு காதல் படம். அதன் கதாநாயகனும் யாரையும் நிமிர்ந்து பார்க்காதவன், சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவன். தரை டிக்கெட்டில் ஒருவன் "டேய், இது நம்ம ஆதிமூலம்டா" என்று கத்த, கொட்டகையே சிரித்தது. பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கும் தனக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் பார்த்து மூன்று நாளும் அழுதாள்.

ஆதிமூலத்துக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு புகார் இருந்தது. நேரே முதலாளியிடம் போனான்.

"பாய், ஒரு ரீல் காணோம்."

"பதினாலும் இருக்குதேபா."

"பதிமூணுல அவன் யார் மூஞ்சியும் பாக்கல. பதினாலுல அந்தப் பொண்ணு கண்ணப் பாத்து நீட்டி முழக்கிப் பேசறான். நடுவுல இன்னா ஆச்சு?"

"காதல் வந்துடுச்சுபா."

"அந்த ரீலுதான் காணோம்."

நச்சரிப்புத் தாங்காமல் கௌஸ் பாஷா பெட்டி அனுப்பிய கம்பெனிக்கு ஒரு தபால் கார்டு போட்டார். பதில் வரவில்லை.

படத்தில் முதலில் வாயைத் திறந்தது பெண்தான். தனக்கொடியும் அப்படியே செய்தாள். "உனக்கு என்னப் புடிக்குமா?" என்று கேட்டேவிட்டாள்.

"புடிக்கும். நீ டிக்கெட்ட கோணலா கிழிக்கமாட்ட."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. "சனிக்கெழம வில்லியனூர்க்காரங்க தட்டு மாத்த வராங்க. வெள்ளிக்கெழமயே எங்க அண்ணன் இருக்கசொல்ல வூட்டுக்கு வந்து கேளு."

"எவ்ளோ நேரம் கேக்கணும்?"

கூச்சத்தில் உளறுகிறான் என்று நினைத்தாள். "அவரு சரின்னு சொல்ற வரைக்கும். நடுவுல எழுந்துட்டனா நான் வில்லியனூருக்குப் போவவேண்டியதுதான்."

பெண் கேட்பது என்று ஒன்று இருப்பதை ஆதிமூலம் கேள்விப்பட்டதே இல்லை. அவனுக்குத் தெரிந்து கேட்பதற்குக் காதுதான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பாகூரில் அவள் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தான். அவள் அண்ணன் பச்சையப்பன், கரும்பு வைத்திருப்பவர், "இன்னாப்பா?" என்றார்.

"கேக்க வந்தேன்."

"இன்னா கேக்க?"

"நீங்க சொல்றத."

பச்சையப்பன் வாயைத் திறந்தால் பெண்டாட்டி முதற்கொண்டு எழுந்து போய்விடுகிற வீடு அது. மனிதர் இன்ப அதிர்ச்சியில் ஆரம்பித்தார். வாய்க்கால் தகராறு, வெட்டு ஆள் கிடைக்காத வருஷம், மச்சான் செய்த துரோகம் எல்லாம் வந்தது. கொட்டகைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் தனக்கொடி நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். மணி ஆறரை ஆயிற்று, ஏழும் ஆயிற்று. கிருமாம்பாக்கத்தில் எத்தனை ரீல் முடிந்திருக்கும் என்பது ஆதிமூலத்துக்குத் துல்லியமாகத் தெரியும். அவன் எழவில்லை.

எட்டு மணிக்கு கௌஸ் பாஷா மூச்சு வாங்க வந்து நின்றார். "கொட்டாய்ல ஜனம் மண்ண வாரி தெர மேல அடிக்குதுபா. எழுந்துரு."

"இன்னும் சரின்னு சொல்லல, பாய். நான் எழுந்தா தனக்கொடி வில்லியனூருக்குப் போயிடும்."

பச்சையப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது, கோபம் தலைக்கேறியது. "ஏண்டா, நீ பொண்ணு கேக்கவா வந்த?"

"கேட்டுக்கினுதான இருக்கேன்."

"அஞ்சு மணி நேரமா? அப்ப நான் சொன்னத சொல்லு, பாப்போம்."

ஆதிமூலம் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னான். வருஷம் தப்பவில்லை, வரப்பு தப்பவில்லை. "அப்புறம் மச்சான் கத நடுவுல மெதுவா ஒண்ணு சொன்னீங்க. உங்க மூத்த கொழந்த பேர் வைக்கறதுக்குள்ள போயிடுச்சுன்னு. அதுக்கு எடது கால்ல ஆறு வெரல்னு."

பச்சையப்பன் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டு வெகுநேரம் இறங்கவில்லை. கௌஸ் பாஷாகூடக் கொட்டகையை மறந்து நின்றார்.

"இந்த வூட்ல அந்த ஆறாவது வெரல யாரும் காதுல வாங்கனதில்லபா" என்றார் கடைசியில். "வில்லியனூர்க்காரன் நான் பேசசொல்ல ரெண்டு வாட்டி வாட்ச்ச பாத்தான். சரி. எந்தங்கச்சிய நீயே கட்டிக்கோ."

'சரி' என்றதுமே ஆதிமூலம் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். அதற்குப் பிறகு சொன்னது அவன் காதில் விழவில்லை. அதை அடுப்படியில் நின்ற தனக்கொடிதான் கேட்டாள்; கேட்டு வாய்விட்டு அழுதாள்.