தோணாக்கரைக் கிணறு

எழுபதுகளின் கடைசியில் இலங்கையின் கிழக்குக் கரைச் சாய்ந்தமருதுக்கு வீடு கட்டும் பைத்தியம் பிடித்தது. ஆண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போய்க் காசு அனுப்ப, பெண் பிள்ளை பிறந்த வீட்டிலெல்லாம் அத்திவாரம் வெட்டினார்கள். மகளுக்கு வீடு கொடுக்காமல் அந்தக் கரையில் கல்யாணம் ஏது? உம்மாவின் வளவை நாலு மகள்மாருக்கு நாலாகக் கீறினார்கள். அந்த நாலில் ஒன்றைப் பேத்திகளுக்கு இரண்டாகக் கீறினார்கள். தென்னையைத் தறித்தார்கள், வேலியை மதிலாக்கினார்கள், கடைசியில் வளவு மூலையில் கிடந்த குப்பைக் கிடங்கையும் மூடி அதற்கு மேல் சமையலுக்குக் குசினி கட்டினார்கள். எல்லாம் கட்டி முடிந்த பிறகுதான், இனிக் குப்பையை எங்கே கொட்டுவது என்ற ஞானம் பிறந்தது.

அந்த வீடுகளுக்கு ஒற்றை மாட்டு வண்டிலில் மண்ணும் கல்லும் இழுத்தவர் கச்சிமுகம்மது. மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறவரிடம் குப்பையைக் கொடுத்துவிட்டால் என்ன?

"காக்கா, நம்மட கூடையையும் எடுத்திட்டுப் போங்க!"

எல்லா வாசலிலும் காக்கா என்று அண்ணன் முறை வைத்து இதே பாட்டு. மீன் செதில், கோழி இறகு, தறி வீடுகளின் நூல் கழிவு, சீமெந்துப் பேப்பர், பிள்ளை பேண்ட துணி, எல்லாம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கொடுத்தவர்கள், பொத்தாமல் வாங்கிய மனுசனை மனுசனாகவே மதிக்கவில்லை. அவர் குடித்த கோப்பையைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். தொழுகைக்கு மட்டும் பக்கத்தில் நின்றார்கள், அதுவும் வேறு வழியில்லாமல்.

கச்சிமுகம்மது ஒன்றும் மடையர் இல்லை. எழுபத்தெட்டுச் சூறாவளி ஊரைப் புரட்டிப் போட்ட கையோடு, மழை வெள்ளம் கடலுக்கு ஓடும் தோணாவின் ஓரத்தில் ஒரு பள்ளக்காணியை வாங்கிப் போட்டார். மாரியில் இடுப்பளவு தண்ணீர், கோடையில் நுளம்புக் கடி. சூறாவளியில் உடைந்த ஓடுகளையும் முறிந்த தென்னையையும் முதலில் கொட்டினார். அதற்கு மேல் ஆறு வருசம் தெருக் குப்பை. கடைசியாக ஒரு முழம் உயரத்துக்குக் கடல் மண். பள்ளம் மேடாயிற்று. மகள் நபீலாவுக்கு அதில்தான் வீடு.

இருக்கிற வீட்டைக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதற்கு அவருடைய பெண்சாதி றபீக்கா விட வேண்டுமே! அவளுடைய கல்யாணத்துக்கு உம்மாவும் வாப்பாவும் அந்த வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டு, வளவின் பின்பக்கத்து ஓலைக் குடிலுக்குள் போனவர்கள். உம்மா செத்து மையித்தாகத்தான் திரும்ப வீட்டுக்குள் வந்தாள்.

"நான் போகமாட்டன். என்ட மையித்து இந்த வாசலாலதான் போகணும். மகளுக்கு வேற வீடு கட்டுங்க," என்று நபீலா பிறந்த நாளிலிருந்து றபீக்கா சொல்லிவந்தாள். கச்சிமுகம்மதுவும் கட்டினார்.

வீடு கட்ட முதலில் தண்ணீர் வேண்டும், ஆகவே முதலில் கிணறு. எங்கே தோண்டுவது என்றபோது இப்றாஹிம் மேசன் வாய்விட்டே சொன்னார்.

"காக்கா, குப்பைக்குள்ள தோண்டாதீங்க. ஒதுக்கமா நல்ல மண் பாத்துத் தோண்டுவம்."

"ஆறு வருசக் குப்பை மண்ணாப் போயிரிக்கிம், நீ தோண்டு," என்றார் கச்சிமுகம்மது. ஒதுக்கமாக நல்ல மண் அந்தக் காணியில் எங்கே இருந்தது?

எண்பத்தைந்தில், வீடு முடிந்த கையோடு, கல்யாணம் பேசி வந்தார்கள். பேசி வந்தவள், கூடை கூடையாகக் குப்பை கொடுத்த அதே தெரு ஜுனைதா. மகன் காலிதீனுக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. நிரந்தர வேலைக்கார மாப்பிள்ளை, வண்டில்காரன் வீட்டுக்கு! றபீக்கா சந்தோசத்தில் அழுதேவிட்டாள். வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஜுனைதா சொல்லியனுப்பினாள்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் கிணறு இறைத்து வைப்பது ஊர் வழக்கம். இறைத்தால் ஊற்று புதிதாகச் சுரக்கும், தண்ணீர் கண்ணாடியாய்த் தெளியும். கச்சிமுகம்மதுவும் வியாழக்கிழமை முழுக்க வாளி வாளியாக அள்ளி, அடிச்சேறு தெரிய இறைத்தார். நல்ல மண்ணில் சரிதான். இங்கே சும்மா கிடந்த கிணற்றை அவரே வறட்டிவிட, ஆறு வருசத்து அழுகல் சுற்றிலுமிருந்து ஊறி உள்ளே இறங்கிற்று. விடியப் பார்த்தால் தேயிலைச் சாயம், மேலே எண்ணெய்ப் படலம். சுண்ணாம்பு போட்டார், படிகாரம் போட்டார். நிறம் கொஞ்சம் அடங்கியது. நாற்றம் அடங்கவில்லை.

"என்ன கேட்டாலும் நல்ல தண்ணி எண்டு செல்லு மகள்," என்றார்.

"ஓம் வாப்பா," என்றாள் நபீலா.

ஜுனைதா வந்தாள். சுவரைத் தட்டினாள், கதவை ஆட்டினாள், குசினிக்குள் தலையை நீட்டினாள். ஒரு குறையும் சொல்லவில்லை.

"தேத்தண்ணி வேணாம். கிணத்துப் பச்சத் தண்ணி அள்ளித் தாங்க."

நபீலா அள்ளிக் கொடுத்தாள். ஜுனைதா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது எப்பிடித் தண்ணி புள்ள?"

"நல்ல தண்ணி மாமி."

"அப்பிடியா? நீ குடி பாப்பம்."

நபீலா வாப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் மகள் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஒரே ஒரு சொல். பாவி மனுசன் முகட்டு ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குடித்தாள். ஜுனைதா இன்னொரு கோப்பை அள்ளச் சொன்னாள். அதையும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

"புள்ள தங்கம்," என்றாள் ஜுனைதா. "செல்லுறதக் கேக்கிற புள்ள, எனக்குப் புடிச்சிரிக்கி. ஆனா இந்த வீடு வேணாம் காக்கா. நாங்க கொட்டின குப்பைக்கு மேல என்ட மகன் படுக்கிறதா? றபீக்காட வீட்ட எழுதுங்க. வயசு போன நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து இரிங்க. நல்ல காத்து வருகிதே!"

மூன்று நாள் நபீலா வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்தாள். ஜுனைதா ஒரு சோடாப் போத்தல் அனுப்பி நலம் விசாரித்தாள்.

றபீக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ட உம்மாவப் போல என்னையும் வெளிய போடுறீங்களா?"

"அப்ப புள்ளய வச்சிக்கிட்டு இரிப்பமா? இனி ஆரு வருவான்?" என்று கத்தினார் கச்சிமுகம்மது.

கல்யாணப் பதிவான காவின் எழுதுவதற்கு முதல்நாள் றபீக்கா பெருவிரலை மையில் தோய்த்து வீட்டு உறுதிப் பத்திரத்தில் வைத்தாள். கல்யாணம் முடிந்த கிழமையே இரண்டு பேரும் தோணாக்கரைக்குப் போனார்கள். நபீலா கதவோரம் நின்று பார்த்தாள்.

நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மகள் வீட்டில் ஒரு குடம் எடுக்கலாம் என்று கச்சிமுகம்மது சொல்லிப் பார்த்தார். "என்ட கிணத்துல நான் பிச்சை எடுக்கவா?" என்று றபீக்கா சீறினாள். ரோசக்காரி. ஒரு வருசம் அந்தத் தண்ணீரையே குடித்தாள். பிறகு பாயோடு படுத்துவிட்டாள், எது கொடுத்தாலும் வயிற்றில் தங்கவில்லை. இனியாவது நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று டொக்டர் ஏசி அனுப்பினார்.

கச்சிமுகம்மது குடத்தோடு மகள் வாசலில் நின்றார்.

"மகள், உம்மாக்கு ஏலாது. ஒரு குடம் தண்ணி அள்ளிக்கட்டா?"

சம்பந்தி ஜுனைதா உள்ளே கதிரையில் இருந்தாள். "கோடை காலம் காக்கா. ஒருத்தருக்குக் குடுத்தாத் தெருவே குடத்தோட வந்திரும்," என்றாள்.

நபீலா எழுந்து கேற்றடிக்கு வந்தாள். மாமியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அந்தத் தண்ணிக்கு என்ன வாப்பா? நல்ல தண்ணி எண்டு நீங்கதானே சென்னீங்க. நான் குடிச்சன்தானே."

கேற்றுக் கொழுக்கியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

வேறு வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டால், மகள் கொடுக்கவில்லையா என்று ஊர் கேட்கும். கச்சிமுகம்மது நேரே தோணாக்கரைக்கு வந்து, தன் கிணற்றில் அள்ளி, றபீக்காவின் தலையை நிமிர்த்திப் பிடித்தார்.

"நம்மட பழைய கிணத்துத் தண்ணியா?" என்று அவள் கேட்டாள்.

"ஓம். மகள்தான் தந்த. குடி."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து முழுவதையும் குடித்தாள்.