வடக்குப் பக்கத்துக் கண்ணாடி

மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் இருக்கும் எங்கள் வீட்டில் வெயிலறை என்று ஓர் அறை உண்டு. குளிர்காலத்தில் அதற்குள் வெயில் வந்ததே இல்லை. புதிதாக வருகிறவர்கள் காரணம் கேட்டால், அம்மா "அது பேர்தான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவார். அறையைக் கட்டியவர் அப்பா. வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொன்னவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. தெரியாது என்ற சொல்லை அந்த வயதில் நான் பாவித்ததாக ஞாபகம் இல்லை.

அந்த அறை மாமிக்காகக் கட்டப்பட்டது. மாமி அப்பாவின் அக்கா. தாய் தகப்பன் நேரத்தோடு செத்துப்போய்விட்டதால் அப்பாவையும் சித்தப்பாவையும் அவர்தான் வளர்த்து ஆளாக்கினார். கலியாணம் கட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்ன படிப்பித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாமி என்றால் மாமி, அவ்வளவுதான்.

அவர் ஓய்வு பெற்றதும் தன்னிடம்தான் கூப்பிட வேண்டும் என்று மொன்றியலில் அப்பாவும் மெல்பேர்ணில் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் விசா அலுவல் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பாவின் அலுவல் முந்திக்கொண்டது. அண்ணை களவாக முந்திவிட்டார் என்றார் சித்தப்பா. தம்பிக்கு மட்டுமரியாதை இல்லை என்றார் அப்பா. அத்தோடு இருவருக்கும் இடையில் பேச்சு நின்றது. நாலு வருடமாக நத்தார்ப் பண்டிகைக்குக்கூட ஒரு வாழ்த்து இல்லை. மாமியோடு மட்டும் இருவரும் தனித்தனியாகக் கதைத்தார்கள். மாமி வந்து சேர்ந்த பிறகும் அது மாறவில்லை.

மாமி தன் முதல் குளிர்காலத்தைச் சுவரோரம் இருந்த ஹீற்றருக்கு முதுகைக் கொடுத்தபடியே கழித்தார். ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்து வந்ததும் சித்தப்பாவின் அழைப்பு வரும். வீட்டின் பின்விறாந்தையைக் கண்ணாடியால் அடைத்திருப்பதாகவும், எந்தக் குளிரிலும் பனியனோடு அங்கேயே இருப்பதாகவும், அக்கா இங்கே வந்துவிட வேண்டும் என்றும் அவர் சொல்லுவார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மாமி மெதுவாகக் கேட்டார்.

"ஒருக்காப் போய்ப் பாக்கட்டே தம்பி?"

அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "நீங்கள் அங்கை போனால் எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை" என்றார். சொன்னால் சொன்னதுதான் என்ற குணம் அவருக்கு. மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, தானும் ஒரு கண்ணாடி விறாந்தை கட்டிக் காட்டுவதாகவும், ஒரேயொரு குளிர்காலம் அதில் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கும்படியும் சொன்னார்.

"உனக்குக் கட்டத் தெரியுமே?"

"அவன் கட்டினதை எனக்குக் கட்டத் தெரியாதே!"

"அப்ப எப்பிடிக் கட்டினது எண்டு அவனட்டையே கேளன்" என்றார் மாமி. "நான் கேட்டுச் சொல்லமாட்டன். நீயே கேள்."

அப்பா மூன்று நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்க்கிற வேலை அவருக்கு. எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டுவார். கூரை போட்ட விறாந்தையை அடைப்பது ஒரு வேலையா என்று அம்மாவிடம் பெருமை பேசினார். நாலாம் நாள் கணினிக்கு முன்னால் இருந்து தம்பியைக் கூப்பிட்டார். முதல் ஐந்து நிமிடம் இருவரும் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். பிறகு கண்ணாடியின் தடிப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். மாமி குசினியில் இருந்து வெங்காயம் உரித்தார். அன்றைக்குத் தேவையில்லாத அளவு வெங்காயம் உரித்தார்.

சித்தப்பா தன் வீட்டுப் பிளானை அனுப்பிவைத்தார். வடக்கைக் காட்டும் அம்புக்குறியோடு துப்புரவாகக் கீறியிருந்தது. வடக்குப் பக்கம் நிலத்திலிருந்து கூரைவரைக்கும் கண்ணாடி. மேற்கில் ஒரு கதவு. தெற்கில் நல்ல தடித்த சுவர். "தெற்காலைதான் குளிர்காத்து அடிக்கும். ஒரு ஓட்டையும் விட்டிடாதேங்கோ அண்ணை" என்று கணினியில் வந்து நின்று எச்சரித்தார். ஜூலை மாதத்தில் தங்களுக்குக் கை விறைத்துப்போகும் என்றும் சொன்னார். ஜூலையில் குளிராம் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எங்கள் விறாந்தை வீட்டின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் திறந்துகிடந்ததால் பிளான் அப்படியே பொருந்தியது. என் பனிச்சட்டையின் ஸிப்பில் ஒரு சின்னத் திசைகாட்டி தொங்கும். அப்பா அதைக் கேட்டபோது நான் தர மறுத்து, நானே பிடிப்பேன் என்று அடம்பிடித்து, விறாந்தையின் நடுவில் போய் நின்றேன். ஊசி ஆடி நின்றது. "அந்தப் பக்கம்!" என்று கையை நீட்டினேன். அப்பா அந்தப் பக்கத் தூணில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கட்டடக்கலை முழுவதும் என் கையில் வந்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பிளானை வாங்கினார். கனநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். அதன்பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு, தம்பி சொன்ன ஏதோ ஒரு பகிடியை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் முடிவோ தம்பி?"

"ஓம் அக்கா. அவன் தந்தது. ஒரு இஞ்சியும் மாத்தமாட்டன்."

மாமி தாளை நாலாக மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வயசுபோனவருக்குப் பிளான் விளங்கவில்லையாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் கோயில் நண்பர்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். தெற்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், நாங்கள் மிசியே என்று கூப்பிடுகிறவர், வேலியால் எட்டிப் பார்த்து, எழும்பத் தொடங்கிய சுவரையும் வானத்தையும் மாறி மாறிக் காட்டி, பிரெஞ்சில் வேகமாக என்னவோ சொன்னார். அப்பா "மெர்சி, மெர்சி" என்று கையெடுத்து ஆட்டிவிட்டு, "பொறாமையிலை கண் பத்துறான்" என்று எங்களிடம் தமிழில் சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் அன்றைய வேலையைச் சித்தப்பாவுக்குக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்தபோது ஜூலை மாதம். பின்னேரச் சூரியன் வடமேற்கால் இறங்கி வடக்குக் கண்ணாடிக்குள் சரிவாக விழுந்தது. அறை முழுக்கப் பொன்னிறம். அப்பா நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, "எப்பிடி?" என்றார். எல்லோரும் கைதட்டினோம். பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வெயிலறை என்ற பெயரும் அன்றைக்கே வந்தது.

செப்டெம்பர் கடைசியில் அந்த வெயில் போய்விட்டது. முகில் என்றார் அப்பா. ஒக்டோபரிலும் முகில் என்றார். டிசெம்பரில் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்த நாட்களிலும் அறைக்குள் ஒரு நீலக் குளிர்தான் இருந்தது. சுவருக்கு வெளிப்பக்கம் மட்டும் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அணில்கள் அந்தச் சுவரடியில் வந்து ஒட்டிக்கொண்டு இருந்தன. அணில்களுக்குத் தெரிந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மாமி ஒருநாளும் தவறாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலறைக்குப் போனார். கோட்டு, கம்பளித் தொப்பி, காலுக்கு இரண்டு சோடி மேசு, மடியில் போர்வை, கையில் செபமாலை. பக்கத்தில் ஒரு சின்ன ஹீற்றர். அப்பா வேலையால் வந்து கதவடியில் நின்று கேட்பார். "எப்பிடி அக்கா?"

"நல்லாய்க் கிடக்கடா."

சனிக்கிழமை கணினி அந்த அறைக்குத்தான் போகும். அழைப்பு வருவதற்குச் சற்று முன்னர் மாமி தொப்பியைக் கழற்றி, போர்வையைச் சுருட்டி, கோட்டை என்னிடம் தந்துவிடுவார். வெறும் சேலையோடு கதிரையில் சாய்ந்துகொண்டு, "இஞ்சை எனக்கு ஒரு குறையுமில்லைச் சின்னவன்" என்பார். பக்கத்தில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருப்பார். கணினியை மூடியதும் மாமி கையை நீட்டுவார். நான் தொப்பியைக் கொடுப்பேன். மாமி பொய் சொல்லுகிறார் என்று தெரியும். பெரியவர்கள் பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

பெப்ரவரியில் வகுப்பில் பூமியுருண்டையை மேசையில் வைத்து விளக்கைப் பிடித்துக் காட்டினார்கள். நான் அவுஸ்திரேலியாவைத் தேடினேன். அது கீழே கிடந்தது. விளக்கு அதற்கு வடக்கில் இருந்தது. எங்கள் ஊர் மேலே இருந்தது. விளக்கு எங்களுக்குத் தெற்கில் இருந்தது. யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு ஓடி வந்து முதலில் மாமியிடம்தான் சொன்னேன். சித்தப்பாவுக்கு வடக்கில் வெயில், எங்களுக்குத் தெற்கில் வெயில், வெயில் வருகிற பக்கத்தை அப்பா சுவர் வைத்து மூடிவிட்டார் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மாமி செபமாலையை நிறுத்தினார். "கெட்டிக்காரி" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "ஆருக்கும் சொல்லாதை பிள்ளை" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஒருநாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை எல்லோரும் வெயிலறையில் இருந்து சித்தப்பாவின் அழைப்புக்குக் காத்திருந்தபோது சொல்லிவிட்டேன். பூமியுருண்டைக்குப் பதிலாகத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துச் செய்தும் காட்டினேன். அப்பாவின் முகம் கறுத்தது. எழுந்து போய்த் தெற்குச் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு மாமியின் பக்கம் திரும்பினார்.

"வேணுமெண்டு செய்திருக்கிறான். நீங்கள் விறைச்சு அங்கை ஓடி வரவேணும் எண்டு பிளான் பண்ணி அனுப்பியிருக்கிறான். நாலு வருசமா மனசுக்குள்ளை வைச்சிருந்தவன். இண்டையோடை சரி!"

அந்த நேரம் பார்த்துக் கணினி மணி அடித்தது. அப்பா பாய்ந்தார். மாமி அவருக்கு முந்திக் கணினியில் கையை வைத்துவிட்டார். தொப்பியைக் கழற்ற நேரமில்லை. கோட்டும் தொப்பியுமாகவே சித்தப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"சின்னவன், வெயில் பட்டால் எனக்குத் தலையிடிக்கும் எண்டு உனக்குச் சொன்னனான் என்ன? வெயில் படாத பிளானாத் தா எண்டு நான்தானே கேட்டனான்?"

சித்தப்பா முழித்தார். அக்கா கேட்டால் ஓம் என்று சொல்லியே வளர்ந்தவர் அவர். "ஓம் அக்கா" என்றார்.

மாமி அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ வெயிலறை வெயிலறை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாய். உன்ரை சந்தோசத்தைக் கெடுப்பான் ஏன் எண்டு சொல்லேல்லை. இது எனக்கெண்டு கேட்டுக் கட்டுவிச்ச அறை. நான் ஒரு இடமும் போகேல்லை. சுவரிலை கை வைச்சியோ, பேந்து பார்."

அப்பா அப்படியே கதிரையில் இருந்தார். சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, அங்கை இப்ப பனி எவ்வளவு?"

"முழங்கால் மட்டும்" என்றார் அப்பா.

அதன்பிறகு வழக்கம்போலக் கதைத்தார்கள். எனக்குத்தான் ஏமாற்றம். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஒத்துக்கொள்ளாத மனுசிக்கு எதற்கு வெயிலறை, மாமிக்கு மூளை கொஞ்சம் குறைவு என்றுகூட அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

குளிர்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறும் வந்து போனது. மெல்பேர்ண் பயணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமி எங்களோடேயே இருந்துவிட்டார். அண்ணன் தம்பியின் சனிக்கிழமைக் கதை இன்றுவரைக்கும் நிற்கவில்லை.

போன குளிர்காலத்தில் ரொறொன்ரோவிலிருந்து ஒரு பெண் மாமியைத் தேடி வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மாமியிடம் படித்தவராம். வெயிலறைக்குள் வந்ததும் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "ரீச்சர் எங்களுக்குப் பூமிசாத்திரம் படிப்பிச்சவ. பூமிக்குத் தோடம்பழமும் சூரியனுக்கு மெழுகுதிரியும் கொண்டுவந்து, எந்த நாட்டிலை எந்த மாதம் சூரியன் எந்தப் பக்கம் நிக்கும் எண்டு காட்டுவா. பிழையாச் சொன்னால் அடிதான். முப்பது வருசமாப் படிப்பிச்சவ."

நான் மாமியைப் பார்த்தேன். பிளானை விரித்துப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்த அந்த நாள் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. மறுபக்கத்தில் அப்பா வாயில் ஆணியோடு சிரித்துக்கொண்டு நின்றதும் வந்தது. பத்து வயதில் நான் அப்பாவைப் பார்க்கவில்லை. திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் போனபிறகு கேட்டேன். "மாமி, உங்களுக்கு வெயில் பட்டால் தலையிடிக்குமே?"

"தலையிடியோ? எனக்குச் சீவியத்திலை ஒருநாளும் தலையிடி வந்ததில்லை" என்றார் மாமி. "அந்தத் தொப்பியை எடு பிள்ளை. குளிருது."