மொழி டீச்சரின் மகள்

பள்ளியில் அவளுக்கு மொழி டீச்சர் என்று பெயர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பேச்சைச் சொல்லித்தரப் போட்ட வேலை. வாரத்துக்கு இரண்டு பீரியட். அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். தனி வகுப்பறை கிடையாது. விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறையில், காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே நின்று, அத்தைக்கு ஒரு சொல், அத்தை கோபமாக இருந்தால் வேறொரு சொல் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுப்பாள். அந்த மொழிக்குப் பாடப்புத்தகம் இல்லாததால் அவளே நாற்பது பக்கத்துக்கு ஒன்று எழுதினாள்.

வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு கிடையாது. சிறுமியாக விடுதியில் இருந்தபோது அந்த மொழியில் தண்ணீர் கேட்டதற்காக ஒரு நாள் முழுக்க முட்டிபோட்டவள் அவள். தான் பட்டது மகளுக்கு வேண்டாம் என்று, எல்லோரும் பேசும் பேச்சிலேயே அவளை வளர்த்தாள். டீச்சர் வேலை கிடைத்தபோது மகளுக்குப் பதினாலு வயது. இனிமேல் ஆரம்பித்தால் சிரிப்பாளே என்று தள்ளிப்போட்டாள்.

கல்லூரியில் சேர மகளுக்குப் பூர்வகுடி என்று இனச் சான்றிதழ் தேவைப்பட்டது. விசாரித்த அதிகாரி கெட்டவரில்லை. மின்விசிறியை மகள் பக்கம் திருப்பிவைத்தார்.

"உங்க பேச்சுல உன்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்லும்மா."

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அதிகாரி மேசைமேலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். டீச்சர் எழுதிய அதே புத்தகம். "சரி, அத்தையை எப்படிக் கூப்பிடுவே?"

"அத்தைன்னுதான் சார்."

பக்கத்து மேசைக் குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்.

"நான் பேசறேன் சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசறேன்" என்றாள் தாய்.

"நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும் டீச்சர். இந்தப் பொண்ணு யாருன்னுதான் கேக்கறோம்."

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்: "யார் யார் பிள்ளைக்கோ சொல்லித் தர்றே. எனக்கு ஏம்மா சொல்லித் தரலே?"

முட்டிபோட்ட கதையைச் சொல்ல வாய் வரவில்லை. "நீ நல்லா இருக்கணும்னுதான்" என்றாள். சொன்னவளுக்கே அது சப்பென்றிருந்தது.

மறுவிசாரணைக்கு மூன்று மாதம் கொடுத்திருந்தார்கள். மகள் அந்த நாற்பது பக்கத்தையும் வரலாற்றுத் தேதிகளைப்போல உருப்போட்டாள். உச்சரிப்பைத் திருத்தப்போனால், "அதெல்லாம் அவங்களுக்கே தெரியாதும்மா, விடு" என்பாள். உண்மைதான், அவர்களுக்குத் தெரியவில்லை. தட்டுத்தடுமாறாமல் ஒப்பித்தாள், சான்றிதழ் கைக்கு வந்தது, வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், தாய் தன்னையறியாமல் 'சாப்பிட்டாயா' என்பதை அந்தப் பேச்சில் கேட்டுவிட்டாள்.

"அது எத்தனாவது பாடம்மா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"ஒண்ணுமில்லே. சாப்பிட்டியான்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு அவள் ஃபோனில் அந்தத் தப்பைச் செய்யவில்லை. பள்ளிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயும் இப்போதெல்லாம் பிள்ளைகள் உட்காருவதற்கு முன்பே, விசாரணையில் என்னென்ன கேட்பார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.