பதினோரு தேதித் தாள்கள்

என் டைரிகளுக்கிடையே, தினசரி காலண்டரிலிருந்து கிழித்த பதினோரு தாள்கள் ஒரு கிளிப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும், ராகு காலம் அச்சிட்ட வரிக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் இரண்டு டிக். போட்டவன் நான்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். என் நண்பர் அங்கே கருவிகள் செய்யும் டூல்ரூமில் சார்ஜ்மேன். திருநின்றவூரிலிருந்து பதினான்கு ஆண்டுகள் ஒரே ரயிலில் ஒன்றாகப் போய்வந்தோம். ஆவணியில் ஒரு புதன்கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதயத்தின் ரத்தக்குழாய் ஒன்று சுருங்கியிருந்தது. பலூனால் அதை விரித்து, மறுபடி சுருங்காதிருக்க ஸ்டென்ட் என்ற சிறு கம்பிவலைக் குழாயை உள்ளே வைத்தார்கள். கம்பியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமலிருக்க, ஒரு மாதம் காலை ஒன்றும் மாலை ஒன்றுமாக மாத்திரை, ஒருவேளைகூட விடக்கூடாது. டாக்டர் சொன்னபோது நானும் உடனிருந்தேன்.

பத்து நாள் ஓய்வுக்குப் பின் அவர் வேலைக்குக் கிளம்பியபோது, அவர் மனைவி பிளாட்பாரம் வரை வந்தார். “இவுரு மறந்துகினு வந்துடுவாரு, அண்ணா. நீங்க எல்லாத்தையும் எழுதி வெக்கிறவரு. நீங்கதான் பாத்துக்கணும்.” ஞாயிறு மனைவியின் பொறுப்பு, மற்ற நாள் என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

இரண்டு டீ வேளையிலும் அவர் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவார், கை வாய்க்குப் போகும், மேலே ஒரு வாய் டீ. “இன்னா பாக்குற நைனா? பீஸ் ஓகே. டிக் போடு” என்பார்.

இரண்டாம் நாள் மாலை, ஓர் இரும்புப் பிசிறு கிழித்து அவர் விரலிலிருந்து வழிந்த ரத்தம், மாத்திரையின் விளைவாக, அரைமணி நேரம் நிற்கவில்லை. வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு சொன்னார்: “மேனேஜர் பாத்தான்னா என்ன கேட்டாண்ட வாட்ச்மேன் மாரி குந்த வெச்சுடுவான். ஓட்டைக்குள்ள ஒருதபா புஷ் கொழாவ அடிச்சு எறக்கிட்டா அப்பால அது எங்க நவுரும்? இதுக்கு எதுக்கு மாத்திர?” நான் கடிந்துகொண்டேன். சிரித்தார். மறுநாளும் டிக் போட்டேன்.

பன்னிரண்டாவது வேலைநாளில் அவர் ரயிலுக்கு வரவில்லை. விடியற்காலையில் மறுபடி வலி வந்து, ஆஸ்பத்திரி சேருமுன் இறந்துவிட்டார்.

அவருடைய டிராயரில் இருந்ததைப் பட்டியலிட என்னைத்தான் அனுப்பினார்கள். டிரில் பிட் வைக்கும் தகரப் பெட்டியில், எண்ணெய்க் கறையோடு பதினெட்டு மாத்திரைகள் கிடந்தன. நூலிழைப் பிசகையும் தடவியே சொல்லிவிடும் விரல்கள் அவருடையவை. ஒரு மாத்திரையை மடக்கி மறைப்பது அவற்றுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. பட்டியலில் அதை நான் எழுதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி கேட்டார்: “ஒரு வேளகூட உடலியே, அண்ணா. அப்பறம் எப்படி?” நான் இந்தத் தாள்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, “உங்க மேல கொற இல்ல” என்று திருப்பிக் கொடுத்தார். நண்பர் போன துயரம் ஆறிவிட்டது. அவர் மனைவியிடம் என்னை இப்படிப் பொய் சாட்சி சொல்லவைத்தது ஆறவில்லை. வேலையை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தே பதினெட்டு முறை ஏமாற்றினார்.

போன மாதம் எனக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது கம்பியிலேயே மருந்து பூசியிருக்கிறது. குழாய்க்குள் அது சிறிது சிறிதாகக் கசியுமாம். ஆனாலும் மாத்திரையை விடக்கூடாது. “போட்டாச்சா?” என்று மட்டும்தான் என் மனைவி கேட்கிறாள். நான் அவளைக் கூப்பிட்டு, விரல்களை விரித்துக் காட்டி, வாயையும் திறந்து காட்டுகிறேன். “சின்னக் கொழந்தையா நீங்க?” என்று சிரிக்கிறாள்.

இந்தப் பதினோரு தாள்களில் முதல் இரண்டு மெய். மற்ற ஒன்பதில் தேதி மட்டும்தான் சரி.