நான் சுட்ட கரியும் குற்றாலச் சாரலும்

கரித் தொழிலில் கை கறுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கம் போகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. விற்கிற சரக்கு என்னவென்று விளக்கியே தொண்டை வற்றியவர்களுக்கு என் பாடு புரியும். துபாய் வேலையை உதறிவிட்டு வந்து தென்காசி பக்கம் ஷெட் போட்டவன் நான். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, பழுக்கக் காய்ந்த கரிமேல் நீராவியைப் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். தொழிற்சாலைப் புகையிலுள்ள கரியமில வாயுவை அந்தத் துளைகள் பிடித்து வைத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று சாம்பிள் கேட்டிருந்தது. தேறாவிட்டால் மறுபடியும் துபாய்தான்.

தோப்புக்காரர்

முதல் சூளை மூட்டிய அன்றே பக்கத்துத் தோப்புக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார். உலகத்துக் காற்றைக் காப்பாற்றும் தொழில் இது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாஞ் சரிதாம்லே. ஒலகத்துக் காத்தக் காப்பாத்த, என் காத்த ஏம்ல கெடுக்க?"

தேய்ப்பு வண்டிக்காரர்

இஸ்திரி போடுகிறவர் ஒரு சாக்கு கரி கேட்டு வந்தார். இதை எரிக்கக் கூடாது, எரித்தால் பட்ட பாடெல்லாம் சாம்பல் என்றேன். ஒரு துண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை.

"எரிக்கக் கூடாத கரிய எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு பாடுபட்டுச் சுடுதிய?"

சாரல்

சீசன் தொடங்கியது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரே குற்றாலத்துக்கு ஓட, நான் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். திறந்து வைத்தால் இந்தக் கரி காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். சூடேற்றி உலர்த்தி, டப்பாவில் அடைத்தேன். ஷெட் தரையில் ஓதம் ஏறும் என்று பயந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராத்திரி இரண்டு முறை எழுந்து மூடி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். மறுநாள் முழுக்க ஷெட் வேலை. அதற்கடுத்த நாள்தான் கூரியரில் அனுப்பினேன்.

பதில் வந்தது: ஈரம் அதிகம், சாம்பிள் தேறவில்லை. வீட்டில் போய்க் கத்தினேன். மனைவி நிதானமாகப் பீரோவைத் திறந்து காட்டினாள். சாரலில் துணி சரியாகக் காயாமல் ஒரே மக்கல் வாடையாம். நான் ஷெட்டில் இருந்த பகலில் கரியைத் தாம்பாளத்தில் கொட்டி உள்ளே வைத்து, சாயங்காலம் சிந்தாமல் டப்பாவில் அள்ளி மூடியிருக்கிறாள்.

"ஒங்க கரிய எவன் கொற சொன்னான்? மோந்து பாருங்க, துளி வாடை இருக்கா?"

என் பாஸ்போர்ட்டும் அந்தப் பீரோவில்தான், மிச்சக் கரியோடு இருக்கிறது. இரண்டாவது சாம்பிளுக்குப் பதில் வரும்வரை அதுவாவது ஈரம் படாமல் இருக்கும்.